ஒரே டிரில், மூன்று சுவர்

திருச்சியில் அக்கா வீட்டில் மூன்று வேலைகள் சேர்ந்துகிடந்தன. மாடி ஹாலில் இரண்டு ஜன்னல்களுக்குத் திரைச்சீலைக் கம்பி மாட்டவேண்டும். கீழ்க்கட்டு அறையில் புத்தகம் அடுக்க ஒரு மரப்பலகை, இரும்பு பிராக்கெட் வைத்து. குளியலறையில் கண்ணாடியும் டவல் கம்பியும். அத்தான் ஏற்கெனவே ஓர் எலக்ட்ரீஷியனிடம் சொல்லி வைத்திருந்தார். அவருடைய "நாளைக்கு வந்துடறேன் சார்" தீபாவளியைத் தாண்டிப் பொங்கலை நெருங்கிக்கொண்டிருந்தது. சரி என்று என் 18 வோல்ட் பேட்டரி ஹேமர் டிரில்லை, சுற்றிக்கொண்டே அடித்தும் துளை போடும் மெஷினை, பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

வீடு பாதி பழசு, பாதி புதுசு. கீழ்க்கட்டு நாட்டுச் செங்கல், மேலே சுண்ணாம்புக் காரை. மாடி பிற்பாடு எழுப்பியது. ஃபிளை ஆஷ் கல், சிமென்ட் பூச்சு, ஜன்னலுக்கு மேல் சுவரைத் தாங்கும் கான்கிரீட் லிண்டல். குளியலறையில் ஆளுயரத்துக்கு மேல் டைல்ஸ். ஹேமர் டிரில் வாங்கியவர்களில் பலர் மெஷினின் முன்பக்க வளையத்தைச் சுத்தியல் படத்துக்குத் திருப்பி வைத்தால் அப்புறம் அதைத் தொடுவதே இல்லை. எல்லாச் சுவருக்கும் ஒரே அடி. இந்த வீட்டில் நான் ஹேமரை முழுசாக ஓடவிட்டது லிண்டலில் மட்டும்தான்.

அதற்குக் காரணம் மெஷினின் வயிற்றுக்குள் இருக்கிறது. உள்ளே இரண்டு உலோகத் தட்டுகள், எதிரெதிர் முகத்தில் பல் வெட்டியவை. ஒன்று, துளை போடும் பிட்டைக் கவ்விப் பிடிக்கும் சக்கோடு சேர்ந்து சுற்றும், மற்றது நின்ற இடத்தில் நிற்கும். பிட்டைச் சுவரில் வைத்து அழுத்தும்போது பல்லின் மேல் பல் ஏறி இறங்கி, ஒவ்வோர் இறக்கத்துக்கும் ஓர் அடி விழும். என் மெஷினில் அதிக வேகம் நிமிடத்துக்கு 1,900 சுற்று, அடி 28,500 என்று போட்டிருக்கிறது. வகுத்தால் ஒரு சுற்றுக்கு 15 அடி. அழுத்தாமல் பிடித்தால் அடியே விழாது என்பது இதிலேயே தெரிகிறது. உடம்பை முழுக்கச் சாய்த்து அழுத்தினால் சுற்று தளரும், சுற்று தளர்ந்தால் அடியும் குறையும். மேலே இருக்கும் கியர் பொத்தானை 1-இல் வைத்துக்கொண்டு ஹேமர் போட்டால், என் மெஷினில் சுற்று 500-க்கு இறங்கிவிடுவதால், அடி கிட்டத்தட்ட கால்வாசிதான் கிடைக்கும். ஹேமருக்கு 2, மிதமான அழுத்தம். சத்தம் சீராகக் கேட்டால் அழுத்தம் சரி, முனகினால் அதிகம்.

கட்டட வேலைக்காரர்கள் கையில் இருக்கும் பெரிய ரோட்டரி ஹேமர் வேறு இனம். அதில் பிஸ்டன் காற்றை அமுக்கி அடிக்கிறது. நிமிடத்துக்கு நாலாயிரம், ஐயாயிரம் அடிதான், ஆனால் ஒவ்வொன்றும் கனமான அடி. ஆள் தள்ளவே வேண்டாம். நம்முடையது பொடிப்பொடியாகக் கொத்துகிற ரகம். கான்கிரீட்டில் நாலைந்து சின்னத் துளை போடலாம், நாள் முழுக்கப் போட முடியாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சக்குக்குப் பின்னால் வளையத்தில் 1, 2, 3 என்று எண்கள் இருக்குமே, அந்த கிளட்ச் ஸ்க்ரூ முடுக்குவதற்கு மட்டும். ஸ்க்ரூ போதுமான அளவு இறுகியதும் கடகடவென்று வழுக்கி நின்றுவிடும். டிரில் படத்துக்கோ சுத்தியல் படத்துக்கோ மாற்றிவிட்டால் பெரும்பாலான மெஷின்களில் அந்த வழுக்கல் கிடையாது. பிட் உள்ளே சிக்கினால் மோட்டாரின் முழு முறுக்கும் நம் மணிக்கட்டுக்கு வரும். என்னுடையது 50 நியூட்டன் மீட்டர். அரை மீட்டர் கம்பியின் நுனியில் பத்துக் கிலோவைத் தொங்கவிட்டால் மறு நுனியில் என்ன திருகு கிடைக்குமோ அது. திடுக்கென்று வரும்போது ஒற்றைக் கை தாங்காது. பெட்டியோடு வரும் பக்கவாட்டுக் கைப்பிடியைப் பலர் கழற்றி அலமாரியில் போட்டுவிடுகிறார்கள். அத்தானுக்கும் அதைப் பார்த்ததும், "இது எதுக்குப்பா, இடைஞ்சலா?" என்றுதான் தோன்றியது. 8 மி.மீ. பிட்டைக் கையில் கொடுத்து, மெஷினை ஒரு பழைய மரக்கட்டையில் ஓட்டச் சொன்னேன். பிட் மறுபக்கம் வெளியே வரும் நேரத்தில் ஒரு சின்னப் பிடி பிடித்தது. அதற்கப்புறம் அவர் கைப்பிடியைப் பற்றிக் கேட்கவில்லை. திடீரென்று திரும்பினால் தானே நின்றுவிடும் மின்னணுப் பாதுகாப்பு சில புது மெஷின்களில் உண்டு. என்னுடையதில் இல்லை.

வேலை தொடங்குவதற்கு முன் கரண்ட். மாடியில் ஒயர் எல்லாம் சுவருக்குள் போகிறது. சுவிட்ச் போர்டிலிருந்து நேர் மேலே, நேர் கீழே, பக்கவாட்டில் இன்னொரு போர்டு இருந்தால் அந்தக் கோட்டிலும், துளை போடும் எண்ணத்தையே விட்டுவிட வேண்டும். தொடாமலே கரண்ட் காட்டும் டெஸ்டர் பேனா ஒன்று வைத்திருக்கிறேன். அதைச் சுவரில் ஓட்டும்போது அந்த அறையின் லைட், ஃபேன் சுவிட்ச் எல்லாம் போட்டிருக்க வேண்டும். கரண்ட் வராத ஒயரை அது காட்டாது. அது கத்தவில்லை என்பதற்காகச் சுவர் காலி என்று முடிவு கட்டவும் கூடாது. ஆழத்தில் போகும் ஒயர், ஈரச் சுவர் எல்லாம் அதைக் குழப்பும். பார்த்து முடித்த பிறகு மெயின் பெட்டியில் உள்ள எம்.சி.பி. சுவிட்சை இறக்கிவிட வேண்டியதுதான். பேட்டரி மெஷினின் பெரிய லாபமே இதுதான் என்பேன். வீடு முழுக்கக் கரண்டை நிறுத்திவிட்டு நிம்மதியாகத் துளை போடலாம்.

ஆனால் நம் ஊர் வீடுகளில் இன்வெர்ட்டர் இருக்கிறதே! மெயினை இறக்கிய அடுத்த நொடியில் ஹால் ஃபேன் அது பாட்டுக்குச் சுற்றியது. அத்தான், "பரவால்ல, காத்து வரட்டும்" என்றார். அந்த ஃபேனுக்குக் கரண்ட் போகும் ஒயர் நாங்கள் துளை போடப்போகும் சுவரில்தான் ஏறுகிறது. இன்வெர்ட்டரையும் அணைத்து, டெஸ்டரை போர்டில் வைத்து ஒருமுறை பார்த்துக்கொண்டு ஆரம்பித்தோம். வியர்த்தது, வேறு வழியில்லை.

கீழ்க்கட்டில் ஒயர் சுவருக்கு வெளியே பழைய மரப்பட்டிக்குள் போவதால் கண்ணாலேயே பார்த்துவிடலாம். அங்கே பிரச்சினை சுவர்தான். சுண்ணாம்புக் காரை ஓர் அங்குலத்துக்குக் குறையாது. தட்டினால் சில இடங்களில் உள்ளே பொத்தென்று ஒரு வெற்றுச் சத்தம். இப்படிப்பட்ட சுவரில் ஹேமர் போட்டால் காரை சில்லுசில்லாக உதிர்ந்து 8 மி.மீ. துளை அரை அங்குலப் பள்ளமாகிவிடும். வளையத்தை டிரில் படத்துக்குத் திருப்பி, முதலில் 5 மி.மீ., அதன்மேல் 8 மி.மீ. என்று மெதுவாகப் போட்டேன். நாட்டுச் செங்கலுக்கு அதுவே அதிகம். வெண்ணெயில் கத்தி போவதுபோல் போகும்.

இங்கே வழிகாட்டுவது கீழே கொட்டும் தூள். முதல் ஓர் அங்குலம் வெள்ளை, காரை. பிறகு சிவப்பு வந்தால் செங்கல், சரியான இடம். வெள்ளையே தொடர்ந்து வந்துகொண்டிருந்தால் இரண்டு கல்லுக்கு நடுவில் உள்ள சுண்ணாம்புச் சாந்தில் இறங்கிக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம். அதில் ரால் பிளக் (ஸ்க்ரூவைக் கவ்விப் பிடிக்கத் துளைக்குள் செருகும் பிளாஸ்டிக் குழல்) பிடிக்காது. இடது பிராக்கெட்டின் மேல் துளை அப்படித்தான் வந்தது. நிறுத்திவிட்டு, பிராக்கெட்டை ஒன்றரை அங்குலம் மேலே ஏற்றி, மற்றதையும் ரசமட்டம் வைத்து அதே உயரத்துக்குக் கொண்டுவந்தேன். பழைய துளையைப் பட்டி பார்த்து மூடியாயிற்று. பலகை எந்த உயரத்தில் இருந்தாலும் அக்காவுக்குச் சம்மதம், கோணலாக இருந்தால்தான் சண்டை.

பிளக் காரையில் நிற்கக் கூடாது, கல்லில் நிற்க வேண்டும். 50 மி.மீ. பிளக், முன்னால் 25 மி.மீ. காரை, பின்னால் தூள் தங்கக் கொஞ்சம் இடம். ஆகத் துளை 90 மி.மீ. ஆழம். பிளக்கைச் சுவர் மட்டத்தோடு விட்டுவிடாமல், ஒரு ஆணியை வைத்துத் தட்டிக் காரையைத் தாண்டி உள்ளே தள்ளினேன். ஸ்க்ரூ 12 நம்பர், மூன்றரை அங்குலம். கடையில் "எட்டு எம்.எம். பிளக்குக்கு ஸ்க்ரூ" என்று கேட்டால் கையில் கிடைத்த இரண்டு அங்குலத்தைக் கொடுத்துவிடுவார்கள். இந்தச் சுவரில் அது பாதி தூரம் காரைக்குள்ளேயே முடிந்துவிடும். எல் வடிவ பிராக்கெட்டில் நீளமான கை சுவரோடு இருக்கவேண்டும். புத்தகத்தின் பாரம் மேல் ஸ்க்ரூவை வெளியே இழுக்கும், கீழ் ஸ்க்ரூவைச் சுவரோடு அமுக்கும். ஆகவே நல்ல கல் மேல் துளைக்கு அமைய வேண்டும். ஸ்க்ரூ முடுக்கும்போது வளையத்தில் சின்ன எண்ணில் ஆரம்பித்து, கியரை 1-க்கு மாற்றி, கடைசி இரண்டு சுற்றைக் கைத் திருப்புளியால் முடித்தேன். மெஷினிலேயே முடித்தால் பிளக் உள்ளுக்குள் சுற்ற ஆரம்பித்துவிடும், அப்புறம் எத்தனை முடுக்கினாலும் இறுகாது.

கியரை மாற்றுவதும், முன்பின் திசையை மாற்றுவதும் சக் முழுசாக நின்ற பிறகு. பிட் மாற்றும்போது பேட்டரியைக் கழற்றி விடுவேன். குறைந்தபட்சம் திசைப் பொத்தானை நடுவில் வைத்தால் டிரிக்கர் பூட்டிக்கொள்ளும், ஏணியில் ஏறும்போது கையில் அப்படித்தான் இருக்கவேண்டும். ஒரு கையால் சக்கை இறுகப் பிடித்துக்கொண்டு மறு கையால் டிரிக்கரை அமுக்கி பிட்டை மாட்டுவதைக் கடைகளிலேயே செய்து காட்டுகிறார்கள். உள்ளங்கைத் தோல் போவதற்கு அதைவிடச் சுலபமான வழி இல்லை.

அடுத்து மாடி. கம்பி பிராக்கெட் ஜன்னலுக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே வரும். அது சரியாக லிண்டல் இருக்கும் இடம். இங்கே தூளின் நிறம் கைகொடுக்கவில்லை. பூச்சும் சாம்பல், ஃபிளை ஆஷ் கல்லும் சாம்பல், கான்கிரீட்டும் சாம்பல். சத்தத்தையும் வேகத்தையும்தான் பார்க்க வேண்டும். பூச்சு 12 மி.மீ. போல இருக்கும், அதுவரை பிட் சரசரவென்று போகும். கான்கிரீட்டைத் தொட்டதும் சத்தம் கெட்டிப்பட்டு, பிட் நின்ற இடத்திலேயே நிற்பதுபோல் இருக்கும். முதலில் ஹேமர் இல்லாமல் மெதுவாக ஒரு சின்னப் பள்ளம், பிட் வழுக்காமல் உட்காருவதற்கு. அதன்பின் சுத்தியல் படம், கியர் 2, இரண்டு கை. 6 மி.மீ. பிட், 35 மி.மீ. பிளக், 8 நம்பர் ஸ்க்ரூ. ஆழம் காட்டும் கம்பியை 55 மி.மீ.க்கு வைத்துவிட்டால் சுவரை அது தொட்டதும் நிறுத்திவிடலாம்.

சென்டிமீட்டருக்கு ஒருதரம் பிட்டை ஓடவிட்டபடியே வெளியே இழுத்து மறுபடி உள்ளே விட வேண்டும். தூள் வெளியே வராவிட்டால் பிட் அந்தத் தூளையே அரைத்துக்கொண்டு சூடாகும். கான்கிரீட் பிட்டின் நுனியில் இருக்கும் கார்பைடு துண்டு தனியாகப் பற்றவைத்தது. சூடு ஏறினால் பற்றவைப்பு இளகிக் கழன்றுவிடும். பிட்டின் தண்டு நீலம் பாய்ந்திருந்தால் அது ரொம்பச் சூடு பார்த்துவிட்டது என்று பொருள். தண்ணீரில் முக்கி ஆற்றுவது இன்னும் மோசம், கார்பைடு விரிசல் விடும். சும்மா கீழே வைத்தால் போதும், ஆனால் வெறும் கையால் தொடாமல்.

இரண்டாவது ஜன்னலில் ஒரு துளை 35 மி.மீ. போனதும் சத்தம் கணீரென்று மாறியது. தூள் நின்றது. கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியில் இடித்துவிட்டோம். அத்தான் கீழே இருந்து, "அமுக்கு, போயிடும்" என்றார். போகாது. அந்த நேரத்தில் அழுத்தினால்தான் பிட் கம்பியின் விளிம்பில் சிக்கி மெஷின் கையைத் திருகும். தவிர, லிண்டல் கம்பியை வெட்டுவது ஜன்னலுக்கு மேலே இருக்கும் சுவரின் பிடியை வெட்டுவது. லிண்டலில் முக்கியக் கம்பிகள் அடிப்பக்கத்தில் படுத்திருக்கும், மேல்பக்கத்தில் இரண்டு, அவற்றைச் சுற்றி வளையங்கள் செங்குத்தாக வரிசையாக வரும். நான் லிண்டலின் நடு உயரத்தில் துளை போட்டதால் இடித்தது வளையமாகத்தான் இருக்கும் என்று கணக்குப் போட்டு, பிராக்கெட்டைப் பக்கவாட்டில் ஓர் அங்குலம் நகர்த்தினேன். மறு நுனியிலும் அதே அளவு. இம்முறை போய்விட்டது. அடிக்கம்பியில் இடித்திருந்தால் பக்கவாட்டில் எவ்வளவு நகர்த்தியும் பயனில்லை, மேலே ஏறியிருக்க வேண்டும்.

பிட் சிக்கினால் டிரிக்கரை விட்டு விட்டு அமுக்கிப் பார்ப்பது பலருக்கும் வழக்கம். மோட்டாரும் சூடாகும், கையும் போகும். உடனே விட்டுவிட்டு, திசையை மாற்றி, மெதுவாகச் சுற்ற வைத்துக்கொண்டே வெளியே இழுத்தால் வந்துவிடும்.

ஏணியைப் பற்றி ஒரு வார்த்தை. ஹேமர் ஓட்டும்போது நாம் சுவரைத் தள்ளுகிறோம், சுவர் நம்மைத் தள்ளுகிறது. பிளாஸ்டிக் ஸ்டூலில் நுனிக்காலில் நின்று தலைக்கு மேலே கையை நீட்டிக்கொண்டு அழுத்தினால் ஸ்டூல் பின்னால் போகும். துளை நெஞ்சு உயரத்துக்கு வரும்படி ஏணி, சுவரைப் பார்த்தபடி, கீழே ஒருவர் பிடித்துக்கொள்ள. அத்தானிடம் ஒரு கையில் ஏணி, மறு கையில் வாக்குவம் கிளீனர் குழாய். (மெயினும் இன்வெர்ட்டரும் அணைந்திருக்கையில் வாக்குவம் எப்படி ஓடியது என்று கேட்கிறீர்களா? பக்கத்து வீட்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்.) வாக்குவம் இல்லாதவர்கள் துளைக்குக் கீழே ஒரு தபால் உறையை வாய் திறந்தபடி டேப் போட்டு ஒட்டினாலே முக்கால்வாசித் தூள் அதில் விழும். மீதி மூக்குக்குப் போகும். கான்கிரீட், செங்கல், டைல்ஸ் எல்லாத் தூளிலும் சிலிக்கா உண்டு, கண்ணுக்குத் தெரியாத பொடிதான் நுரையீரலில் தங்குவது. கைக்குட்டை அதைத் தடுக்காது, என்95 மாஸ்க் வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பான். துளையை வாயால் ஊதிச் சுத்தம் செய்தால் எல்லாம் திரும்பிக் கண்ணுக்கே வரும். ரப்பர் ஊதி ஒன்று வாங்கிக்கொள்ளலாம். துப்பட்டா, தொளதொள சட்டைக் கை, கையில் கட்டிய கயிறு, இவையெல்லாம் சக்குக்குப் பிடித்த தீனி. அத்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார், பேன்ட் மாற்றிக்கொண்டு வரச் சொன்னேன்.

குளியலறையில் ஆரம்பத்தில் ஹேமரை மறந்துவிட வேண்டும். டைல்ஸில் ஹேமர் போட்டால் துளையைவிட விரிசல்தான் முதலில் வரும். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் பைப் வேலை முடிந்த நாளில் அத்தான் சுவரை மொபைலில் படம் எடுத்து வைத்திருந்தார். பிளம்பரோடு ஏதோ தகராறில் சாட்சிக்காக எடுத்ததாம். எங்களுக்கு அது புதையல். ஷவர், கீஸர் பைப்புகளும் கீஸர் ஒயரும் எங்கே ஏறுகின்றன என்று அப்படியே தெரிந்தது. வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் எல்லாச் சுவரையும் இப்படி ஒருமுறை படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

டைல்ஸை விரல் மடக்கித் தட்டிப் பார்த்தேன். உள்ளே வெற்றிடமாகச் சத்தம் வந்த இடத்தைத் தவிர்த்தேன், அங்கே அழுத்தினால் உடையும். ஓரத்திலிருந்து ஓர் அங்குலமாவது தள்ளி, காகித டேப் ஒட்டி, அதன்மேல் புள்ளி. டேப் இல்லாவிட்டால் பிட் பளபளப்பில் சறுக்கிக் கோடு போட்டுவிடும். இது சாதாரண செராமிக் டைல்ஸ் என்பதால் ஈட்டி முனை உள்ள டைல்ஸ் பிட், 6 மி.மீ., டிரில் படம், கியர் 1, டிரிக்கரைக் கொஞ்சமாக அமுக்கி. ஸ்பிரே பாட்டிலில் இருந்து பிட்டின் நுனியில் அவ்வப்போது இரண்டு சொட்டுத் தண்ணீர், மெஷினில் படாமல். விட்ரிஃபைட் டைல்ஸாக இருந்திருந்தால் இந்த பிட் தேய்ந்ததுதான் மிச்சம், அதற்கு வைரப்பொடி பதித்த வட்டப் பிட்தான் சரி. டைல்ஸைத் தாண்டியதும் கான்கிரீட் பிட்டுக்கு மாறி, பூச்சைக் கடந்து கல்லைத் தொட்ட பிறகுதான் சுத்தியல் படம், அதுவும் லேசாக. பிளக்கை டைல்ஸ் மட்டத்துக்குக் கொஞ்சம் உள்ளே தள்ள வேண்டும். ஸ்க்ரூ ஏறும்போது பிளக் டைல்ஸுக்குள்ளேயே விரிந்தால், பத்திரமாகத் துளைத்த டைல்ஸ் கடைசி நிமிடத்தில் பிளந்துகொள்ளும்.

பேட்டரி 2 ஆம்பியர்-ஹவர். 18 வோல்ட்டோடு பெருக்கினால் 36 வாட்-ஹவர், இரண்டாவது ஜன்னல் முடிவதற்குள் கடைசி விளக்குக்கு வந்துவிட்டது. கையில் எடுத்தால் நல்ல சூடு. சூட்டோடு சார்ஜரில் மாட்டாமல் நிழலில் ஆறவிட்டு, அந்த நேரத்தில் சாப்பிட்டு முடித்தோம். கடைகளில் 20 வோல்ட் என்று எழுதியிருக்கும் மெஷினைப் பார்த்து மயங்க வேண்டாம். இரண்டிலும் ஐந்து செல்தான். முழுச் சார்ஜில் ஒரு செல்லுக்கு 4 வோல்ட் என்று கணக்கிட்டால் 20, வேலை நேரத்துச் சராசரி 3.6 என்று கணக்கிட்டால் 18. மாதக்கணக்கில் சும்மா வைப்பதானால் பாதிச் சார்ஜில் வைப்பது நல்லது. வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்கவே கூடாது.

கிளம்பும்போது அத்தான் மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனார். தண்ணீர்த் தொட்டிக்கு அருகே, கான்கிரீட் தூணில் இரும்புச் சட்டம் ஒன்று பொருத்தி அதில் சோலார் ஹீட்டரைத் தாங்கவைக்க வேண்டுமாம். 12 மி.மீ. ஆங்கர் போல்ட், தூணுக்கு நான்கு. "இதையும் இப்பவே போட்டுடலாமே, பேட்டரி ஏறிடுச்சு" என்றார். இந்த மெஷினில் முடியாது அத்தான் என்று சொல்லிவிட்டேன். அந்த அளவுத் துளைக்கு ரோட்டரி ஹேமர் வேண்டும், வாடகைக்குக் கிடைக்கும். அதற்கு முன்னால் தூணில் கம்பி எங்கே போகிறது என்று கட்டிய இன்ஜினீயரிடம் கேட்டுவிட வேண்டும்.